கணினிக்குள் ஓடும் ஒலியை வேறொரு மென்பொருளுக்கு மைக்காகக் கொடுப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் சிக்கலைச் சுருக்கினால் இப்படி வரும். யுஎஸ்பி ரேடியோ டாங்கிள் ஒன்றை விண்டோஸ் லேப்டாப்பில் செருகி, சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது அனுப்பும் எஸ்எஸ்டிவி படங்களை, அதாவது ஒலியாக மாற்றி வானொலியில் அனுப்பப்படும் படங்களை, பிடிக்கப் பார்க்கிறார். டாங்கிள் பிடிக்கும் அலையை ஒலியாக்கும் எஸ்டிஆர் ஷார்ப் மென்பொருளில் அந்தக் கீச்சொலி தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஒலியைப் படமாக்கும் எம்எம்எஸ்எஸ்டிவி மைக் வழியாக வருவதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஸ்பீக்கரில் வரும் ஒலியை மைக் கேட்கட்டும் என்று விட்டால் தகரக் கூரையில் விழும் மழையும் வீட்டார் பேச்சும் படத்தில் கோடுகளாக விழுகின்றன. யாரோ சொன்னபடி விர்ச்சுவல் கேபிள் ஒன்றை நிறுவியதும் லேப்டாப் ஊமையாகிவிட்டது. எப்படியோ வந்த ஒரே ஒரு படமும் சாய்ந்து, நடுவில் வெட்டுப்பட்டு இருந்தது. எந்த மென்பொருளை நிறுவுவது என்று அவர் கேட்டிருந்தாலும், இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது எப்படி என்பது முதலாவது, போகிற வழியில் அந்த ஒலி மாறாமல் இருக்க என்ன செய்வது என்பது இரண்டாவது. முதலாவது அரைமணி நேர வேலை. அவருடைய படம் கெட்டது இரண்டாவதில்.

நான் மின்னணுவியல் படித்தவன். குன்னூரில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலியிலும் ஒலிப்பதிவிலும் ஈடுபட்டு வருகிறேன். விண்டோஸும் லினக்ஸும் எனக்கு அன்றாடப் பழக்கம். மேக் கணினியில் பழக்கம் குறைவு என்பதால் அதைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாக மட்டும் சொல்கிறேன்.

கணினியில் ஓடும் மென்பொருள்கள் ஒன்றையொன்று நேரடியாகக் கேட்பதில்லை. ஒலி எழுப்பும் மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒலியை வெளிவிடும் சாதனங்களின் பட்டியல். ஒலியை வாங்கும் மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒலியை உள்ளே தரும் சாதனங்களின் பட்டியல். ஸ்பீக்கர் முதல் பட்டியலில் மட்டும் இருக்கிறது, மைக் இரண்டாவதில் மட்டும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே உங்கள் அறையின் காற்றுதான் இருக்கிறது. ஆகவே நமக்குத் தேவை இரண்டு பட்டியல்களிலும் தோன்றக்கூடிய, உண்மையில் இல்லாத ஒரு சாதனம்: இந்த வாயில் ஊற்றியது மறுவாயில் அப்படியே வரும் ஒரு குழாய். விர்ச்சுவல் ஆடியோ கேபிள் என்பது இவ்வளவுதான். ஸ்பீக்கர் போல ஒரு முகமும் மைக் போல ஒரு முகமும் காட்டும் ஒரு டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள்.

கேபிள் இல்லாமலும் சில வழிகள் உண்டு, அவற்றை முதலில் பார்த்து ஒதுக்கிவிடலாம். ரியல்டெக் சிப் உள்ள பல கணினிகளில் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்ற உள்ளீட்டுச் சாதனம் மறைந்து கிடக்கும். பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் ‘ரெக்கார்டிங்’ பக்கத்துக்குப் போய், வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கப்பட்ட சாதனங்களையும் காட்டச் சொன்னால் அது தென்படலாம். தென்படாவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கான டிரைவரில் அது சேர்க்கப்படவில்லை என்று பொருள். தென்பட்டாலும், அந்தச் சிப் வழியாகப் போகும் ஒலியை மட்டுமே அது பிடிக்கும் என்பதால், புளூடூத் ஹெட்ஃபோனிலோ எச்டிஎம்ஐ வழியே டிவியிலோ ஒலி போகும்போது அது பேசாது. இன்னொரு வழி, விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸிலேயே உள்ள வசாபி லூப்பேக். ஆடாசிட்டியில் ஹோஸ்டை ‘விண்டோஸ் வசாபி’ என்று மாற்றினால், ஸ்பீக்கரின் பெயரே ‘லூப்பேக்’ என்ற ஒட்டுடன் பதிவுச் சாதனமாக வந்து நிற்கும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால் நான் இதையே சொல்வேன். ஆனால் லூப்பேக்கைப் பயன்படுத்த வாங்கும் மென்பொருளுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். எம்எம்எஸ்எஸ்டிவி போன்ற பழைய மென்பொருள்களுக்குத் தெரியாது. தவிர, இந்த இரு வழிகளும் ஸ்பீக்கருக்குப் போகும் எல்லா ஒலிகளையும் சேர்த்தே பிடிக்கின்றன. பாதிப் படத்தில் ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு மணி அடித்தால் அதுவும் படத்தில் ஏறும். எனவே உங்கள் தேவைக்குக் கேபிள்தான் சரி.

கேபிள்களில் விபி-ஆடியோவின் விபி-கேபிள் போதும். விரும்பினால் நன்கொடை தரலாம் என்ற முறையில் கிடைக்கிறது. சுருக்கக் கோப்பை முழுவதும் விரித்துவிட்டு, நிர்வாகி உரிமையுடன் நிறுவி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்; மறுதொடக்கத்தைத் தவிர்த்துவிட்டு ‘சாதனத்தைக் காணோம்’ என்பவர்கள் நிறைய. நிறுவியபின் பிளேபேக் பட்டியலில் ‘கேபிள் இன்புட்’ என்றும், ரெக்கார்டிங் பட்டியலில் ‘கேபிள் அவுட்புட்’ என்றும் இரண்டு புதியவை வந்திருக்கும். குழம்ப வேண்டாம், பெயர்கள் கேபிளின் பக்கத்திலிருந்து வைக்கப்பட்டவை. எஸ்டிஆர் ஷார்ப்பின் அவுட்புட்டாகக் ‘கேபிள் இன்புட்’டையும், எம்எம்எஸ்எஸ்டிவியின் இன்புட்டாகக் ‘கேபிள் அவுட்புட்’டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்டிஆர் ஷார்ப்பை நிறுத்திவிட்டுத்தான் ஒலிச் சாதனத்தை மாற்ற முடியும். எம்எம்எஸ்எஸ்டிவியின் அமைப்புப் பக்கத்தில் சாதனப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம், பழைய ஒலி இடைமுகம் 31 எழுத்துகளுக்கு மேல் பெயரைக் காட்டாது.

லேப்டாப் ஊமையானதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. புதிய சாதனம் வந்ததும் அது இயல்புச் சாதனமாக (டிஃபால்ட்) அமர்ந்துகொள்வது வழக்கம். அப்போது கணினியின் எல்லா ஒலியும் கேபிளுக்குள் போய்விடும், உங்கள் காதுக்கு எதுவும் வராது. சவுண்ட் அமைப்பில் இயல்பு ஸ்பீக்கரையும் இயல்பு மைக்கையும் பழையபடி மாற்றிவிடுங்கள். கேபிளை இயல்புச் சாதனமாக வைத்தால் போதும் என்று பல காணொளிகள் சொல்லித் தருவதை நான் ஏற்பதில்லை. அறிவிப்பு மணிகள் படத்தில் ஏறும் தொல்லை அப்படியே திரும்பி வரும். சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லாத மென்பொருளாக இருந்தால், விண்டோஸ் 11இல் சவுண்ட் அமைப்பின் ‘வால்யூம் மிக்ஸர்’ பகுதியிலேயே ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக அவுட்புட்டையும் இன்புட்டையும் ஒதுக்கலாம். விண்டோஸ் 10இலும் 2018இல் வந்த 1803 பதிப்பிலிருந்து இது உண்டு.

ஒலி கேபிளுக்குள் போனபின் நீங்களும் அதைக் கேட்க விரும்பினால், ரெக்கார்டிங் பக்கத்தில் கேபிள் அவுட்புட்டின் பண்புகளைத் திறந்து ‘லிஸன்’ என்ற தாவலில் குறியிட்டு, எங்கே கேட்க வேண்டும் என்ற இடத்தில் உங்கள் ஸ்பீக்கரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்தை ‘இயல்புச் சாதனம்’ என்று விட்டு, இயல்புச் சாதனமும் கேபிளாகவே இருந்தால், ஒலி தன்னுள் தானே சுற்றி ஊளையிடத் தொடங்கும்.

இனி இரண்டாவது கேள்வி. கணினியில் ஒலிக்கென்று இருக்கும் வசதிகளில் பெரும்பாலானவை மனிதக் காதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை: பேச்சைத் தூக்கிக் காட்டுவது, இரைச்சலை அமுக்குவது, சத்தத்தைச் சமன் செய்வது. உங்கள் ஒலியைக் கேட்கப்போவது காது அல்ல. எஸ்எஸ்டிவியில் 1200 ஹெர்ட்ஸ் என்றால் ஒத்திசைவுத் துடிப்பு, 1500 என்றால் கறுப்பு, 2300 என்றால் வெள்ளை. இடைப்பட்ட அதிர்வெண்கள் இடைப்பட்ட வெளிச்சம். நீண்டு ஒலிக்கும் இத்தகைய தொனியை இரைச்சல் நீக்கி ஒன்று மின்விசிறிச் சத்தம் என்று எண்ணித் துடைத்துவிடும், அது தன் வேலையைச் சரியாகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டு. ஆகவே கேபிளின் இரு முகங்களின் பண்புகளிலும் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ எதுவும் இயங்காதபடி அணைத்துவிடுங்கள். எஸ்டிஆர் ஷார்ப்பின் ஆடியோ பகுதியில் ‘ஃபில்டர் ஆடியோ’ என்ற குறியை எடுத்துவிடுங்கள். ஸ்குவெல்ச்சை அணையுங்கள், இல்லாவிட்டால் அலை சற்று வலுவிழக்கும் கணங்களில் அது கதவைச் சாத்தி வரிகளை விழுங்கும். சவுண்ட் கண்ட்ரோல் பேனலின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்தில், அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் ஓர் ஏற்பாடு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை ‘எதுவும் செய்யாதே’ என்று மாற்றுங்கள். பிரைவசி அமைப்பில் மைக் அனுமதி மூடியிருந்தால் விண்டோஸ் கேபிளையும் மைக்காகவே கருதி மௌனத்தை மட்டும் கொடுக்கும், பிழைச் செய்தி ஏதும் வராது; எல்லாம் சரியாக இருந்தும் அளவுகாட்டி அசையவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இடம்.

ஒலியின் அளவு பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். கேபிளின் இரு முகங்களையும் 100 சதவீதத்தில் வைத்துவிட்டு, ஏற்றி இறக்குவதை எஸ்டிஆர் ஷார்ப்பின் வால்யூமில் மட்டும் செய்யுங்கள். வாங்கும் மென்பொருளின் அளவுகாட்டி உச்சத்தைத் தொடாமல் பாதிக்குச் சற்று மேலே நின்றால் போதும். கூடுதல் சத்தம் கூடுதல் தெளிவைத் தராது. உச்சி நறுக்கப்பட்ட அலை, தன் அதிர்வெண்ணின் மடங்குகளைப் புதிதாகப் பிறப்பித்துப் படத்தின் வெளிச்சத்தில் தடுமாற்றத்தை உண்டாக்கும்.

சாம்பிள் ரேட்டில்தான், அதாவது ஒரு வினாடிக்கு ஒலியை எத்தனை மாதிரிகளாக எடுப்பது என்ற எண்ணில்தான், பலரும் இடறுகிறார்கள். எஸ்டிஆர் மென்பொருள், கேபிளின் பிளேபேக் முகம், அதன் ரெக்கார்டிங் முகம் ஆகிய மூன்று இடங்களிலும் 48,000 என்று ஒரே எண்ணை வையுங்கள். எம்எம்எஸ்எஸ்டிவி தன் வசதிக்கு 11,025 என்று கேட்கும், அதை விண்டோஸ் மாற்றிக் கொடுத்துவிடும். எண்கள் பொருந்தாவிட்டால் ஒலி நின்றுவிடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. விண்டோஸ் தானே இடையில் மாற்றிக்கொள்கிறது, சுருதியும் மாறாது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் செயலிக்குக் கூடுதல் வேலை, பழைய லேப்டாப்பில் அதுவே மாதிரிகள் தவறிப்போக வழி செய்யும். அதற்காகத்தான் ஒரே எண்ணை வற்புறுத்துகிறேன்.

உங்கள் சாய்ந்த படத்தைப் பார்ப்போம். ஒலிப்பாதையில் என்ன கெட்டது என்பதைப் படமே சொல்லிவிடும் என்பது எஸ்எஸ்டிவியின் நல்ல குணம். விண்வெளி நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் பிடி 120 முறையில் 640க்கு 496 புள்ளிகள் கொண்ட ஒரு படம் வந்துசேர ஏறக்குறைய 126 வினாடிகள் ஆகும். ஒரு வரியின் 640 புள்ளிகள் 121.6 மில்லி வினாடிக்குள் அடங்கும், அதாவது ஒரு புள்ளிக்கு 0.19 மில்லி வினாடி. உங்கள் பக்கத்துக் கடிகாரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் பிழையாக ஓடினால், 126 வினாடி முடிவில் 12.6 மில்லி வினாடி விலகியிருக்கும். படத்தின் கடைசி வரி முதல் வரியிலிருந்து சுமார் 66 புள்ளிகள் தள்ளி நிற்கும். காதுக்கு இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது, கண்ணுக்கு உடனே தெரியும். ஆகவே மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சாய்ந்திருந்தால் அது கடிகார வேறுபாடு என்று உறுதியாகச் சொல்லலாம். இங்கே மாதிரிகளின் வேகத்தை நிர்ணயிப்பது டாங்கிளுக்குள் இருக்கும் படிகம் என்பதால், மலிவான டாங்கிள்களில் இந்தச் சாய்வு இயல்பு. எம்எம்எஸ்எஸ்டிவியின் ‘சிங்க்’ பக்கத்தில் படம் வந்தபின்பே சாய்வை நிமிர்த்திவிடலாம், கேபிளில் கைவைக்க வேண்டியதில்லை.

நடுவில் வெட்டுப்பட்டு, அதற்குக் கீழுள்ள பகுதி மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்திருப்பது வேறு சங்கதி. அது மாதிரிகள் தவறியதன் அடையாளம், அதிலும் எனக்கு ஐயமில்லை. எதனால் தவறின என்பதில்தான் ஊகத்துக்கு இடம் இருக்கிறது. ஒரு காரணம், டாங்கிளின் கடிகாரமும் கேபிளின் கடிகாரமும் வெவ்வேறு என்பதால் இடையிலுள்ள பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) மெல்ல நிரம்பியோ வற்றியோ ஒரு கட்டத்தில் கொஞ்சத்தைக் கைவிடுவது. மற்றொன்று, மலைப்பகுதியில் இருப்பவர்களிடம் நான் அதிகம் காண்பது: தென்மேற்குப் பருவமழையில் மின்தடை வந்து லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும், மின்சேமிப்பு ஏற்பாடு செயலியின் வேகத்தைக் குறைத்து, டாங்கிளிலிருந்து வரும் தரவோட்டம் தடுமாறுவது. உங்கள் படம் எந்தக் காரணத்தால் வெட்டுப்பட்டது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கலாம். பவர் பிளானில் அதிகபட்சச் செயல்திறனைத் தேர்ந்தெடுங்கள், யுஎஸ்பி சாதனங்களை உறங்கவைக்கும் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை அணையுங்கள், உலாவியை மூடுங்கள், எஸ்டிஆர் மென்பொருளிலும் கேபிளின் கண்ட்ரோல் பேனலிலும் லேட்டன்சியை (ஒலி கடந்துவரும் தாமதத்தை) தாராளமாகக் கூட்டுங்கள். இசைக்கலைஞர்கள் லேட்டன்சியைக் குறைக்கப் பாடுபடுவதைப் பார்த்துவிட்டு நாமும் குறைக்க வேண்டியதில்லை. படம் ஒரு வினாடி தாமதமாக வந்தால் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை.

மூன்றாவது வகைக் கேடு ஒன்று உண்டு, அதற்குக் கேபிளைக் குற்றம் சொல்லக் கூடாது. படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ புள்ளிப்புள்ளியாக இரைச்சல் மண்டியிருந்தால் அது வானொலி அலையின் வலுக்குறைவு. கோத்தகிரியிலிருந்து தென்கிழக்கே மேட்டுப்பாளையம் சமவெளி நோக்கி வானம் திறந்திருக்கிறது, மேற்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவின் முகடு நிற்கிறது. அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டை ஒட்டிய சரிவே தாழ்வான கோணங்களை மறைக்கும். நிலையம் நெருங்கி விலகும் வேகத்தால் வரும் டாப்ளர் விளைவால் அதிர்வெண் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை இருபுறமும் நகரும் என்றாலும், எஃப்எம் என்பதால் படத்தின் நிறம் அதனால் மாறாது. எஸ்டிஆர் மென்பொருளில் அலைவரிசை அகலத்தைச் சற்றுத் தாராளமாக வைத்தால் போதும்.

நிலையம் தலைக்குமேல் கடப்பது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதற்குள் இரண்டு மூன்று படங்களுக்கு மேல் வராது, படம் அனுப்பும் நாட்களும் ஆண்டில் சிலவே. அந்தப் பத்து நிமிடத்தில் கேபிளைச் சோதிக்க உட்காராதீர்கள். எஸ்எஸ்டிவி ஒலிக்கோப்பு ஒன்றை எடுத்து, ஏதேனும் ஒரு மீடியா பிளேயரின் அவுட்புட்டைக் கேபிள் இன்புட்டுக்கு ஒதுக்கி, முந்தைய நாளே ஓட்டிப் பாருங்கள். படம் சுத்தமாக வந்தால் கேபிளிலும் அமைப்பிலும் குறையில்லை, இனி ஆன்டெனாவை மட்டும் கவனித்தால் போதும். கோப்பிலிருந்தே கெட்டு வந்தால் ஆன்டெனாவைத் திருப்பிப் பயனில்லை. நிலையம் கடக்கும்போது எஸ்டிஆர் ஷார்ப்பின் ரெக்கார்டிங் பகுதியில் ஆடியோவைக் குறியிட்டு வேவ் கோப்பாகவும் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு கேபிளுக்குள் நுழைவதற்கு முன்னரே எடுக்கப்படுவது; நேரடிப் படம் வெட்டுப்பட்டாலும், பிறகு கோப்பை ஓட்டி முழுப் படத்தையும் எடுத்துவிட வாய்ப்புண்டு.

லினக்ஸில் இருப்பவர்களுக்கு இந்த வேலை எளிது. லினக்ஸின் ஒலி அமைப்பான பல்ஸ் ஆடியோவில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ‘மானிட்டர்’ என்ற பெயரில் ஓர் இன்புட் தானாகவே உண்டு; அதன் கட்டுப்பாட்டுக் கருவியான பாவுகண்ட்ரோலின் ரெக்கார்டிங் தாவலில் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மற்ற ஒலிகள் கலக்காமல் இருக்க ‘நல் சிங்க்’ (எங்கும் ஒலிக்காத வெற்று அவுட்புட்) ஒன்றை உருவாக்கி, ஒரு மென்பொருளை அதற்குள் விட்டு, அதன் மானிட்டரை மற்றதற்குக் கொடுக்கலாம். ஃபெடோரா 34, உபுண்டு 22.10 முதல் பல்ஸ் ஆடியோவுக்குப் பதிலாக இயல்பாக வரும் பைப்வயரில் கியூபிடபிள்யூகிராஃப் என்ற கருவி, எந்த மென்பொருளிலிருந்து எதற்கு என்று திரையில் கோடிழுத்து இணைக்கவே விடுகிறது. மேக்கில் பிளாக்ஹோல் என்ற இலவச டிரைவர் விபி-கேபிளின் வேலையைச் செய்கிறது. ஒரே நேரத்தில் காதிலும் கேட்க வேண்டுமானால் ‘ஆடியோ மிடி செட்டப்’பில் மல்டி அவுட்புட் சாதனம் ஒன்றை உருவாக்கி, கடிகார வேறுபாட்டைச் சரிசெய்யும் டிரிஃப்ட் கரெக்ஷனைக் குறியிட வேண்டும். அந்தச் சாதனத்துக்கு விசைப்பலகையின் வால்யூம் விசைகள் வேலை செய்யா, அது பழுதல்ல.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் படம் வெட்டுப்பட்டால், விண்டோஸின் பதிப்பு, லேப்டாப்பின் செயலி, கேபிளின் இரு முகங்களிலும் உள்ள சாம்பிள் ரேட் ஆகியவற்றுடன் அந்தப் படத்தையும் இங்கே போடுங்கள். வெட்டுகள் ஒழுங்கான இடைவெளியில் விழுகின்றனவா, கண்டபடி விழுகின்றனவா என்று பார்த்தால், மேலே சொன்ன இரண்டு காரணங்களில் எது என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம்.